பாடாலூர் டிரம்மும் திருச்சி லைனிங்கும்

1. கம்பங்கொல்லையில் நின்ற கார்

பாடாலூர் மேட்டிலிருந்து கார் இறங்கிக்கொண்டிருந்தது. எதிரே ரோட்டை அடைத்துக்கொண்டு ஒரு மந்தை ஆடு. ஓட்டுகிறவர் பிரேக்கை மிதித்தார். பெடல் தரையைத் தொட்டது, வண்டி நிற்கவில்லை. ஹாரனை அமுக்கிக்கொண்டே வண்டியை ஒடித்து, பக்கத்துக் கம்பங்கொல்லைக்குள் விட்டு, வரப்பில் முட்டி நிறுத்தினார். ஆடு ஒன்றுகூடச் சாகவில்லை. ஆட்டுக்காரன்தான் நடுரோட்டில் உட்கார்ந்து, எல்லாம் செத்துவிட்ட மாதிரி அழுதான்.

ஓட்டியவர் மருதமுத்து, என் அக்கா புருசன். நான் பின்சீட்டில் கரிமூட்டைகளுக்கு நடுவில் இன்னொரு மூட்டையாக உட்கார்ந்திருந்தேன்.

"என்னா மாமா, பொண்ணு பாக்க வந்த மாதிரி கொல்லைக்குள்ள பூந்துட்டீங்க?" என்றேன். பல் கிட்டித்துப்போயிருந்தது, வாய் மட்டும் சும்மா இருக்கவில்லை.

"எறங்கித் தள்ளுடி மொதல்ல. வாயால தள்ளாத, கையால தள்ளு," என்றார். பீடி பற்ற வைக்கப் பார்த்தார். குச்சி அணைந்துகொண்டே இருந்தது. காற்றே இல்லை அன்றைக்கு.

அது யுத்த காலம். பெட்ரோல் கிடைக்காது. காரும் பஸ்ஸும் முதுகில் ஒரு இரும்பு அடுப்பைக் கட்டிக்கொண்டு கரிப்புகையில் ஓடின. அந்த அடுப்புக்குக் கரி உடைத்துச் சலிக்க ஆள் வேண்டும். பெரம்பலூரில் ஒரு மோட்டார் ஷெட்டில் அதற்குத்தான் என்னைச் சேர்த்துவிட்டார் மாமா. கரி வேலை இல்லாத நேரம், கழற்றிப் போட்ட சாமான்களைக் கழுவித் துடைக்க வேண்டும். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அக்கா வீட்டில்தான் சாப்பாடு. பள்ளிக்கூடத்தை மழைக்கு ஒதுங்கும்போது பார்த்ததோடு சரி. ஆனால் எந்தப் போல்ட் எந்த ஓட்டைக்குப் போகும் என்று கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

இப்போது உங்கள் வண்டிகளில் டிஸ்க்கும் பேடும் இருக்கிறது. அப்போது டிரம்மும் ஷூவும். டிரம் என்பது சட்டி மாதிரி; சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும். சட்டிக்குள்ளே பிறை மாதிரி இரண்டு ஷூ. ஷூவின் முதுகில் லைனிங் என்று ஒரு பட்டை. அதைப் பித்தளை ரிவிட் அடித்து உட்கார வைப்பார்கள். ரிவிட்டின் தலை லைனிங்குக்குள் குழியில் இறங்கியிருக்க வேண்டும். மேலே நீட்டினால் டிரம்மைக் கீறிவிடும். பெடலை மிதித்தால் ஷூ விரியும், லைனிங் டிரம்மைப் பிடிக்கும், வண்டி நிற்கும். எங்கள் முதலாளியின் வாடகைக் கார் அந்தக் காலத்துக்கே கிழம். அதற்குப் பின்சக்கரத்தில் மட்டும்தான் பிரேக்.

2. கோழிக்குப் பேறுகாலம் பார்த்தோம்

ஷெட்டில் மேஸ்திரி சவரிமுத்து. ஏலாக்குறிச்சிக்காரர். வேலையில் கெட்டிக்காரர், பேச்சில் கடுவன் பூனை. சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். லைனிங் தேய்ந்து போய், ரிவிட் டிரம்மை உழுதிருந்தது. டிரம்மின் உள்பக்கம் நகத்தை ஓட்டினார். நகம் பள்ளத்தில் மாட்டியது.

முதலாளி வந்து எட்டிப் பார்த்தார். "திருச்சிக்குக் குடுத்து லேத்துல கடைஞ்சுட்டா என்னய்யா?"

"கடையலாங்க மொதலாளி. ஏற்கெனவே ரெண்டு வாட்டி கடைஞ்சது. இன்னொரு வாட்டி கடைஞ்சா அப்பளமாப் போயிடும். சூட்டுல வெடிச்சா சட்டியோட சக்கரமும் போவும்."

"புதுசு?"

"சீமையில இருந்து வரணும். கப்பலே வரமாட்டேங்குது, சட்டி எப்படிங்க வரும்?"

மாமாவுக்குத்தான் ஞாபகம் வந்தது. இதே ஜாதிக் கார் ஒன்று தீப்பிடித்து, பாடாலூரில் ஒரு காப்பிக்கடைக்குப் பின்னால் வருசக்கணக்காகக் கிடந்தது. நாங்கள் மூன்று பேரும் போனோம். காப்பிக்கடை அம்மா ஒரு டிரம்மில் கோழிக்குத் தண்ணீர் வைத்திருந்தார். இன்னொன்றில் கோழியே உட்கார்ந்திருந்தது, அடைகாத்துக்கொண்டு.

"தண்ணிச் சட்டிய எடுத்துக்கங்க. இது குஞ்சு பொரிச்சாத்தான்," என்றார் அந்த அம்மா.

"ஒரு பக்கம் புதுச் சட்டி, ஒரு பக்கம் பழசுன்னா வண்டி ஒருச்சாச்சு இழுக்கும்மா. ரெண்டும் சோடியா வேணும்," என்றார் மேஸ்திரி.

"அப்ப கோழிகிட்டக் கேளுங்க."

மேஸ்திரி கோழியைப் பார்த்தார். கோழி மேஸ்திரியைப் பார்த்தது. இரண்டுக்கும் ஒரே முகம். நான் சிரித்துவிட்டேன். குஞ்சு பொரிக்கிறவரை கார் ஷெட்டில் நின்றது. சட்டிக்காகக் கோழிக்குப் பேறுகாலம் பார்த்த ஷெட் எங்கள் ஷெட் ஒன்றுதான்.

இரண்டு டிரம்மும் வந்ததும் நான் துருவைத் தேய்த்தேன். மேஸ்திரி ஒவ்வொன்றையும் கயிற்றில் தொங்கவிட்டு ஸ்பானரால் தட்டினார். கணீர் என்று கேட்டது, அடங்க நேரமானது. எங்கள் பழைய டிரம்மையும் தொங்கவிட்டுத் தட்டினார். டொக் என்றது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் செத்துப்போகும்.

"எங்க மாதா கோயில் மணி மாதிரி பேசுது பாரு," என்றார் பாடாலூர் டிரம்மைக் காட்டி.

"ஒனக்கு எதை எடுத்தாலும் ஒங்க கோயில்தான்யா," என்றார் மாமா. ஆனால் அவரும் இன்னொரு தடவை தட்டிக் கேட்டுக்கொண்டார்.

3. பெல்ட்டா, லைனிங்கா

டிரம் கிடைத்தது. லைனிங் கிடைக்கவில்லை. முதலாளி அரிசி மில்லில் ஓடித் தேய்ந்த பெல்ட் ஒன்றைச் சுருட்டிக்கொண்டு வந்து போட்டார்.

"இதை வெட்டி ரிவிட் அடிங்க. ஊருல பாதி பஸ்ஸு இதுலதான் ஓடுது."

அது உண்மைதான். பாதி பஸ் ஓடியது. நின்றதா என்றுதான் யாரும் கேட்பதில்லை.

"மில்லு பெல்ட்டு சூடு தாங்காதுங்க. கருகி மாவாப் போயிடும்," என்றார் மேஸ்திரி.

முதலாளி மாமாவைப் பார்த்தார். "நீ என்னடா சொல்ற?"

முதலாளிக்கு எதிராக மாமா வாய் திறந்து நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குச் சாவியை எடுத்துக் கரித்தொட்டி மேல் வைத்தார். "பெல்ட்டு போட்டா நான் இதைத் தொட மாட்டேங்க. எனக்கு மட்டும் ஆவுறதுன்னா பரவால்ல. பின்னால உக்காந்து வர்றவங்க என்னை நம்பித் தூங்கிட்டு வர்றாங்க."

முதலாளி வெற்றிலையைத் துப்பினார். வேறு டிரைவர்கள் பட்டாளத்துக்குப் போயிருந்தார்கள். கடைசியில் மேஸ்திரியைத் திருச்சிக்கு அனுப்பினார்.

திருச்சியில் இரண்டு தினுசு இருந்ததாம். ஒன்று பலகை மாதிரி கெட்டி. இன்னொன்று கல்நார் நூலில் நெய்தது, நடுநடுவே பித்தளைக் கம்பி. மேஸ்திரி நெய்ததைத்தான் வாங்கி வந்தார். பழைய டிரம்மில் மேடுபள்ளம் இருக்கும், மெத்தென்று இருப்பதுதான் அதற்கு ஒத்துப்போகும் என்பது அவர் கணக்கு.

நான் மண்ணெண்ணெய்க் கையோடு அதைத் தொட்டுப் பார்க்கப் போனேன்.

"ஏ புள்ள! கைய ஒடிச்சுடுவேன்!" என்று பாய்ந்தார். "இது துணிடி. எண்ணெய் எதைக் காட்டுனாலும் குடிச்சுடும். மேல தொடைச்சா ஒண்ணும் தெரியாது. ஓடிச் சூடு ஏறுனா மொத்தத்தையும் கக்கும். அப்புறம் நீ மிதிச்சா என்ன, உதைச்சா என்ன, வழுக்கிக்கிட்டே போவும்."

"குடிச்சுட்டுச் சலம்பாம இருந்து, வெயில் ஏறுனதும் சலம்புற ஆளு மாதிரின்னு சொல்லுங்க," என்றேன்.

"அதேதான்," என்றார். அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவை. மாமா அப்போது சாப்பிட வீட்டுக்குப் போயிருந்தார்.

4. பூசைச் சாமான்

அந்த வருசம் ஆயுத பூசை ஐப்பசியில் வந்தது. பூசைக்கு முதல் நாள் மேஸ்திரி லைனிங்கை ரிவிட் அடித்து முடித்தார். ஷூ நான்கும் பலகையில் வரிசையாக இருந்தது.

"மாட்டிட்டே போயிடுறேங்க. தங்கச்சிக்கு நிச்சயம், ஊருக்குப் போவணும்," என்றார்.

முதலாளி ஒத்துக்கொள்ளவில்லை. "புதுச் சாமானய்யா. பூசையில வச்சு, விசயதசமி அன்னிக்கு எடுத்து மாட்டுனாத்தான் வெளங்கும். மருதமுத்துக்கு மாட்டத் தெரியாதா?"

தெரியும். மாமா நன்றாகவே மாட்டுவார். மேஸ்திரி மாமாவிடம், "டிரம்மையும் தொடைச்சுட்டு மாட்டு," என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார். அவர் வேதக்காரர், மாதா கோயில் ஆள். ஆயுத பூசைக்கு நாங்கள் என்னென்ன செய்வோம் என்று அவருக்கு அத்தனை தெரியாது. அன்றைக்கு அவருக்கு எப்போதும் லீவு.

சாமான் கழுவுகிற நான் அங்கே இருந்திருக்க வேண்டியது. பூசையன்று காலையில் நான் வீட்டுக்குத் தூரமாகிவிட்டேன். தூரமான பொம்பளை பூசை வைக்கிற இடத்தில் கால் வைக்கக் கூடாது, பூசைச் சாமானைத் தொடக் கூடாது. அக்கா எனக்கு ஒரு கிழிந்த பாயும் தனித் தட்டும் கொடுத்து, கொல்லையில் மாட்டுக்கொட்டகைப் பக்கம் உட்கார வைத்துவிட்டாள்.

மாமா குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சத்தம் போட்டார். "அஞ்சலை! இந்த வருசந்தான் ஒன் கரிக்கை படாம என் சாமானெல்லாம் பளபளன்னு இருக்கப் போவுது!"

"பாத்துத் தொடைங்க மாமா. நீங்க தொடைச்சு முடிக்கிறதுக்குள்ள தீவாளி வந்துடப் போவுது," என்றேன்.

உள்ளே அக்கா சந்தனம் அரைக்கிற சத்தம் கேட்டது. மாமா ஒரு கையில் சந்தனக் கிண்ணமும் இன்னொரு கையில் விளக்கெண்ணெய்க் குப்பியுமாகக் கிளம்பினார். ஸ்பானர், சுத்தியல், ஜாக்கி எல்லாவற்றுக்கும் வருசா வருசம் விளக்கெண்ணெய் தடவித் துடைத்து, பொட்டு வைத்து வரிசையாக அடுக்குவோம். துருப்பிடிக்காது, சாமிக்கும் பார்க்க அழகாக இருக்கும். ஸ்பானரைத்தான் நான் நினைத்தேன். ஷூ என் நினைப்பிலேயே வரவில்லை.

5. அண்டா மிதந்தது

விசயதசமியன்று மாமா ஷூவை மாட்டினார். ஷெட் வாசலில் முன்னும் பின்னும் ஓட்டி நிறுத்திப் பார்த்தார். அன்று சாயங்காலம் கொல்லை வேலிக்கு வந்து, "கல்லு நட்ட மாதிரி நிக்குதுடி," என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த முகத்தைப் பார்த்தால் அவருக்கே அன்றைக்குத்தான் கல்யாணம் போல இருந்தது.

மறுநாள் ஒரு கல்யாணச் சவாரி. பெண் வீடு பெரம்பலூர். மாப்பிள்ளை வீடு கொள்ளிடத்துக்குத் தென்கரையில். அரியலூர் வழியாகத் திருமழபாடி போய், அங்கே ஓடம் ஏற வேண்டும். பெண்ணின் தாய்மாமனும் இரண்டு பொம்பளைகளும் சீர்ப் பாத்திரங்களோடு முன்னால் போகிறார்கள். பித்தளை அண்டா, தவலை, குத்துவிளக்கு, பலகாரக் கூடை. கார் திணறியது.

மற்றதெல்லாம் பிறகு அந்தத் தாய்மாமன் சொன்னது. தீபாவளி நெருங்கிவிட்டதால் அரியலூர் வரைக்கும் ரோடெல்லாம் மாட்டு வண்டி. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு மிதி. முதலில் நன்றாக நின்றது. போகப் போக, மிதித்த இடத்தைத் தாண்டி நின்றது.

"என்னமோ வாடை வருதேப்பா," என்று பின்னால் இருந்த பொம்பளை கேட்டிருக்கிறார்.

"புது லைனிங்குங்க. பதப்படுற வாடை," என்றாராம் மாமா.

திருமழபாடியில் மேட்டுக்கரையிலிருந்து ஓடத்துறைக்கு இறக்கம். மேலே மழை பெய்து ஆறு செக்கச்செவேல் என்று கரையை அடைத்து ஓடியது. மாமா வழக்கம்போல ஆட்களைக் கரைமேலேயே இறக்கிவிட்டார். இறக்கத்தில் அவர் ஆளை வைத்து ஓட்டுவதில்லை. "நீங்க நடந்து வாங்க. அண்டாவைத் தூக்கிட்டு எதுக்கு அவஸ்தைப்படணும்? நான் ஓடத்துக்கிட்டயே கொண்டாந்து எறக்குறேன்," என்று சொல்லியிருக்கிறார்.

பாதி இறக்கத்தில் கார் வேகம் எடுத்தது. மாமா இரண்டு காலாலும் பெடலை மிதித்தபடி சீட்டைவிட்டு எழும்பி நின்றாராம். ஹாண்ட் பிரேக்கையும் இழுத்திருக்கிறார். அதுவும் அதே ஷூவைத்தான் விரிக்கும். ஒரு பக்கம் ஓடத்துக்கு நின்ற ஜனம். இன்னொரு பக்கம் ஆறு. ஹாரனை அமுக்கிக்கொண்டே வண்டியை ஆற்றுப் பக்கம் ஒடித்தார். பாடாலூரில் கம்பங்கொல்லை இருந்தது. இங்கே அது இல்லை.

அண்டா மிதந்ததாம். தவலை மிதந்ததாம். பலகாரக் கூடை கொஞ்ச தூரம் மிதந்ததாம். மாமாவுக்கு நீச்சல் தெரியாது. பெரம்பலூர்ப் பக்கம் ஏரியில் தண்ணீர் நிற்கிற வருசமே குறைவு. எங்கே போய்க் கற்றுக்கொள்வது? கிழக்கே ஒரு படுகையில் நாணலில் ஒதுங்கியிருந்தவரை ஓடக்காரர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

6. குடித்தது யார்

காரியம் முடியுமுன்பே ஊரில் ஒரு பேச்சு கிளம்பியது. டிரைவர் குடித்திருந்தான் என்று. யார் கிளப்பியது என்று தேட வேண்டியிருக்கவில்லை. முதலாளி அக்காவின் முகத்துக்கு நேரே சொன்னார்.

"நல்ல சட்டி, நல்ல லைனிங்கு, எல்லாம் அவன் கேட்டபடி போட்டுக் குடுத்தேன். புடிக்கலைன்னா எப்படி? கல்யாணச் சவாரி, யாரோ ஊத்தி விட்டுருக்கான்."

அக்கா அழவில்லை. "வண்டி மேல வரட்டுங்க. தொறந்து பாருங்க. அதுக்கப்புறம் சொல்லுங்க," என்றாள். அதற்குமேல் அவள் யாரோடும் அதைப் பற்றிப் பேசவில்லை. வண்டி வரட்டும், வண்டி வரட்டும் என்றே இருந்தாள். தாலியை எடுத்த அன்றுகூட அதைத்தான் சொன்னாள்.

தண்ணீர் வடிந்ததும் மாடு கட்டி காரை இழுத்தார்கள். ஷெட்டுக்கு வந்தது. டிரம்முக்கு வெளியே வண்டல் மண். மேஸ்திரி சக்கரத்தைக் கழற்றினார். அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். முதலாளியும் நின்றார். டிரம்மை நான்தான் பிடித்து வாங்கினேன்.

மேஸ்திரி முதலில் டிரம்மைத் தொங்கவிட்டுத் தட்டினார். கணீர் என்றது. அத்தனை தண்ணீர் குடித்தும் அது நன்றாகத்தான் பேசியது. பிறகு லைனிங்கில் விரலை வைத்தார். வழுக்கியது. விரலை மூக்கில் வைத்துப் பார்த்தார். எனக்கு அவர் முகர்ந்து பார்க்குமுன்பே வாடை வந்துவிட்டது. கருகின விளக்கெண்ணெய். குழந்தைக்கு வயிறு கழுவக் கொடுப்போமே, அதைத் தாளித்த மாதிரி.

ரிவிட் குழிகளில் எதுவோ அடைத்திருந்தது. மேஸ்திரி ஒரு ஆணியால் தோண்டினார். மஞ்சளாகச் சந்தனம் வந்தது. அதன்மேல் சிவப்பாகக் குங்குமம். நான்கு ஷூவிலும், ஒவ்வொரு குழியிலும் அப்படித்தான். மாமா எதையும் விட்டுவிடவில்லை. ஸ்பானருக்கெல்லாம் ஒரு பொட்டு வைத்தவர், தான் சண்டை போட்டு வாங்கிய லைனிங்குக்கு ரிவிட்டுக்கு ஒன்றாக வைத்திருக்கிறார்.

மேஸ்திரி எழுந்து அந்த ஷூவை முதலாளி முன்னால் நீட்டினார்.

"குடிச்சது அவன் இல்லீங்க மொதலாளி. இதுதான் குடிச்சிருக்கு."

முதலாளி ஷூவை வாங்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அதற்குப் பிறகு குடி என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. பூசையில் வைக்கச் சொன்னது யார் என்று நாங்களும் கேட்கவில்லை.

அக்கா கீழே குனிந்து, ஆணி முனையில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்தாள். தேய்த்துப் பார்த்தாள்.

"மையா அரைக்கச் சொன்னாரு," என்றாள். "கொரகொரன்னு இருந்தா லைனிங்கு கீறிடும், நல்லா மையா அரைடின்னாரு. நானும் மையாத்தான் அரைச்சேன்."

மேஸ்திரி டிரம்மைத் துடைக்க ஆரம்பித்தார். ஏற்கெனவே துடைத்த டிரம். அக்கா அன்றைக்கு அப்புறம் சந்தனக்கல்லைத் தொடவில்லை. அவள் மகள் கல்யாணத்துக்கும் பக்கத்து வீட்டில்தான் அரைத்து வாங்கினோம்.

7. பெட்டிமேல் கிழவி

தொழிலுக்கு வந்திருக்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். பழைய வண்டிக்கு டிரம்மோ டிஸ்க்கோ வாங்கினால் ஜோடியாக வாங்கு. தட்டிப் பார், நகத்தை ஓட்டிப் பார். விலை குறைந்த பேடை விற்கிறவன் அதே வண்டியில் உட்கார்ந்து மலை இறங்குவானா என்று கேள். இதெல்லாம் கடையிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். வாங்கிய பிறகு அதை யார் கையில் கொடுக்கிறாய் என்று பார். வேண்டாதவன் கையில் கொடுத்தால்கூட மூலையில் போட்டு வைப்பான், அவ்வளவுதான். ஆசைப்பட்டவன் கையில் கொடுக்கும்போதுதான் எண்ணெய் ஆகாது என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.

இப்போது என் பேரன் பெரம்பலூரில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். ஆயுத பூசை வந்தால் வேலையாட்கள் எண்ணெய்த் துணியோடும் சந்தனக் கிண்ணத்தோடும் கிளம்பிவிடுவார்கள். நான் விடியற்காலையிலேயே போய், பிரேக் பேட் பெட்டிகளை இழுத்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொள்வேன். தீபாராதனை காட்டும்போதும் எழுந்திருப்பதில்லை.

"பூசைச் சாமான்மேல உக்காருதே, இந்தக் கெழவிக்கு மட்டுமரியாதை இருக்கா பாரு," என்கிறார்கள்.

சொல்லட்டும். எனக்குத்தான் இப்போது தூரமும் இல்லை, தீட்டும் இல்லை. மாட்டுக்கொட்டகையில் போய் உட்கார் என்று எந்தப் பயலும் சொல்ல முடியாது.